அகோசி தூக்கப்போன மரம்

அகோசி தன் எட்டாவது வயதில் கரையேறியபோது காயலும் அவள் பின்னாலேயே ஏறி வந்தது. நிறைய இல்லை, கணுக்கால் அளவுதான். ஒரு பாய் விரிக்கிற அகலம். லாகோஸில் அன்றைக்குச் சொட்டு மழை இல்லை. மீன் ஒரே பகலில் காய்ந்த வெயில்.

எங்கள் வீடுகள் காயலுக்குள் கம்பு ஊன்றி நிற்பவை. கால் முதலில் வந்து பிறக்கும் பெண்ணுக்கு அகோசி என்றுதான் பேர் வைப்போம். இவளும் அப்படிப் பிறந்தவள், ஆனால் அந்தக் கால்கள் மண்ணைத் தொட்டதே இல்லை. அவளுக்கு ஒரு வயதில், புகைபோட்ட மீனைக் கரைக்கு விற்கப் போன அம்மா வேன் மோதிச் செத்துப்போனாள். ரயில் பாலத்துக்கு அந்தப் பக்கம் அவளைப் புதைத்துவிட்டு வந்த அப்பா ஹுன்சு, மகளைக் கரையில் இறக்குவதில்லை என்று முடிவு கட்டினான். பள்ளிக்கூடத்துக்குப் படகு, கோயிலுக்குப் படகு. பயந்துபோன மனுஷனிடம் என்ன நியாயம் பேசுவது, நாங்களும் விட்டுவிட்டோம்.

அவள் பார்த்த மரமெல்லாம் அறுவை ஆலைக்குக் காயலில் மிதந்து வருபவைதான். கயிற்றால் கட்டுண்டு, படுத்தபடி, பாசி பிடித்து. ஒன்றைப் புரட்ட எட்டு ஆள் கம்பு கொடுத்து நெம்புவார்கள். ஒருநாள் வலை தைத்துக்கொண்டிருந்த ஹுன்சு, வாய் சும்மா இல்லாமல், "உங்கம்மா மேல இந்நேரம் பெரிய மரம் இருக்கும்" என்று சொல்லிவிட்டான்.

"அம்மா மேலயா? யாருப்பா வெச்சா?"

"யாரும் வெக்கல. அதுவா வந்தது."

"நீ ஏன் எடுக்கல?"

ஹுன்சு வலையைப் பார்த்துக் குனிந்துகொண்டான். மூன்று நாள் அவள் சோறு தொடவில்லை. நெஞ்சில் கையை வைத்து அழுத்திப் பார்த்துக்கொண்டே கிடந்தாள். நாலாம் நாள் காலையில் அப்பாவின் துடுப்பைத் தோளில் போட்டுக்கொண்டு கரையேறினாள், நெம்புவதற்கு.

முதல் தெருவிலேயே பயறு வடை சுடுகிறவளின் அடுப்பு புஸ்ஸென்று அணைந்தது. "ஏ பாப்பா! உன் தண்ணியக் கூப்பிட்டுக்கிட்டுப் போடி!" என்று கத்தினாள். "நான் கூப்பிடல அக்கா, அதுவா வருது" என்றாள் அகோசி. ரயில் பாலத்துக்கு வழி கேட்டாள். தொலைந்தால் போதும் என்று வடைக்காரி கரண்டியாலேயே வழி காட்டினாள்.

பாலத்துக்கு இந்தப் பக்கம் ஒரு வேப்பமரம் நின்றது. எந்தக் கயிற்றில் இழுத்துக் கட்டி நிறுத்தியிருக்கிறார்கள் என்று அகோசி அதைச் சுற்றிச் சுற்றித் தேடினாள். கயிறே இல்லை. மேலே பச்சையாய் ஆயிரம் சின்னச் சின்னது அசைந்தது, அதற்குள்ளே ஏதோ பறவை கத்தியது. வாயைப் பிளந்து அவ்வளவு நேரம் நின்றதில் வேர் முழுக்க நனைந்துவிட்டது. பிறகு துடுப்பு நினைவுக்கு வந்து நடந்தாள். சுற்றிலும் ஜனங்கள் காய்ந்த மண்ணில் நடந்துகொண்டிருந்தார்கள். இவள் கால் வைத்த இடம் மட்டும் சேறாயிற்று.

இடுகாட்டு வேலியில் குழி தோண்டும் அக்கான்னி கையை நீட்டித் தடுத்தார். "அங்கயே நில்லு பாப்பா. உள்ள எல்லாரும் படுத்திருக்காங்க. நனைஞ்சிருவாங்க."

அகோசி திரும்பித் தண்ணீரைப் பார்த்தாள். ஓரடி பின்னால் வைத்தாள். "எங்கம்மா மேல மரம் கெடக்காம் மாமா. நெம்பி எடுக்க வந்தேன்."

அக்கான்னி சிரிக்கவில்லை. அம்மாவின் பேரைக் கேட்டுக்கொண்டு, நாற்பதடி தள்ளி ஒரு மாமரத்தைக் காட்டினார். "அது படுக்கல பாப்பா. நிக்குது."

"நின்னாலும் கனம்தானே?"

அவர் மரத்தைத் திரும்பிப் பார்த்தார். "நீங்க போயிக் கேட்டுட்டு வாங்க மாமா" என்றாள். அவர் போனார். மண்டியிட்டு மண்ணில் காதை வைத்தார். பொய் சொல்லப்போகிறவனுக்கு அரை நிமிடம் போதும். அவர் கால்மணி நேரம் காதை எடுக்கவில்லை.

"கனமாயில்லையாம். வெயிலுக்கு நல்லாருக்காம்."

"என்னைப் பத்திக் கேட்டாங்களா?"

"கேட்டாங்க. மூணு நாளா ஏன் சாப்பிடலன்னு கேட்டாங்க."

அகோசி அப்போதுதான் அழுதாள். அக்கான்னி தன் பொட்டலத்தைப் பிரித்து, தண்ணீருக்குள் நின்றபடியே அவளுக்குச் சோறு ஊட்டினார்.

இதெல்லாம் நடந்து இருபத்திரண்டு வருஷமாகிறது. அகோசி மாதம் ஒருமுறை போய் வருகிறாள். அவள் வருவது தெரிந்தால் கடைக்காரர்கள் மூட்டைகளைத் தூக்கி மேலே வைத்துவிடுவார்கள். அதற்காக யாரும் முகம் சுளிப்பதில்லை. இப்போது அவளுக்கு ஒரு மகள். அந்தப் பிள்ளையின் கால் எல்லோரையும்போல உலர்ந்துதான் இருக்கிறது. மகள் இடுகாட்டுக்குள் ஓடி மாமரத்தைக் கட்டிப்பிடித்துவிட்டு வருவாள். அகோசி வேலிக்கு வெளியே தண்ணீரில் நின்றபடி மகளின் உள்ளங்கைகளை வாங்கி மோந்து பார்ப்பாள். பஸ்ஸில் ஏற்றமாட்டார்கள் என்பதால் இருவரும் நடந்தே வீட்டுக்குத் திரும்புகிறார்கள்.