பூட்டைக் கழற்றிய பாட்டு

நாச்சியப்பனுக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்தப் புதுக் கம்ப்யூட்டரை அப்படியே தூக்கி முற்றத்தில் போட்டு உடைத்திருப்பார். விடிந்தால் மகள் தீக்ஷாவுக்குக் கல்யாணம், வீடு நிறைய விருந்தாளிகள். பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

மகள் வைரம் கேட்கவில்லை, கார் கேட்கவில்லை. "நான் இந்த வீட்டுப் படி இறங்குறப்ப ஆத்தா பாடுன பாட்டு ஓடணும் அப்பச்சி" என்றாள். அவ்வளவுதான் கேட்டாள். அதைக்கூடச் செய்ய வக்கில்லாமல் போயிற்றே என்றுதான் அவருக்கு ஆத்திரம்.

மனைவி சுபலட்சுமி போய்ச் சேர்ந்து மூன்று வருஷமாகிறது. நன்றாகப் பாடுவாள், ஆனால் பதிவு செய்யப் போனை நீட்டினால் வாயை மூடிக்கொள்வாள். பழனிக்கு நடக்கிறவர்களுக்காக ஒரு சென்னைக் கம்பெனி போட்ட பாட்டுத் தொகுப்பில் ஒரே ஒரு பாட்டு பாடினாள். அது கடையில் வரவில்லை, நெட்டில் மட்டும் விற்றார்கள். காசு கொடுத்துத்தான் நாச்சியப்பனும் வாங்கினார். வாங்கினாலும் நகல் எடுக்க முடியாது, ஐந்து கம்ப்யூட்டருக்கு மேல் ஓடாது. அப்படி ஒரு பூட்டு!

அங்கேதான் புத்தி கெட்டுப்போனார். பங்காளிகள் சேர்ந்து வாழ்ந்த வீடு. பழனிப் பஞ்சாமிர்தமானாலும் பர்மாவிலிருந்து வந்த பீங்கானானாலும் எல்லோருக்கும் பங்கு வைத்த பிறகுதான் தனக்கு. பெண்டாட்டி பாடிய பாட்டு வந்தால் சும்மா இருப்பாரா? அறை அறையாகப் போய்த் தன் பாஸ்வேர்டைப் போட்டு ஒவ்வொரு பங்காளி கம்ப்யூட்டரிலும் ஏற்றிக் கொடுத்து, காபியும் குடித்துவிட்டு வந்தார். அவருடையதையும் சேர்த்து ஐந்தும் தீர்ந்தது. பங்காளிகள் சிங்கப்பூர், பெங்களூர் என்று கிளம்பிப்போக, அந்தக் கம்ப்யூட்டர்கள் எல்லாம் பழைய இரும்புக் கடைக்குப் போய்விட்டன. அவருடையதும் போன மாத இடியில் கருகிவிட்டது. புதிதில் போட்டால், அனுமதி முடிந்துவிட்டது என்கிறது.

இன்று காலையில்தான் கம்பெனியின் அறிவிப்பைப் பார்த்தார். இனி எல்லாப் பாட்டும் பூட்டில்லாமல் விற்கப்படுமாம். எத்தனை நகல் வேண்டுமானாலும் எடுக்கலாமாம். "முருகா, கண்ணைத் திறந்துட்டியேப்பா!" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார். தேடிப் பார்த்தால் மற்ற பாட்டெல்லாம் வரிசையாக இருக்கிறது, சுபலட்சுமியுடையது மட்டும் இல்லை.

கல்யாணத்துக்கு மைக் கட்ட வந்த ரேடியோ செட்டுக்காரர் சேவுகன் வாசலில் இருந்து எட்டிப் பார்த்தார். "அய்யா, பாட்டைக் குடுத்தீகன்னா ஒருவாட்டி ஓட்டிப் பாத்துருவேன்."

"வாரேன்யா. உயிரை எடுக்காத!"

பாவம், சேவுகன் என்ன செய்வார்? முகம் சுருங்கி நகர்ந்துவிட்டார். நாச்சியப்பன் கம்பெனிக்குப் போன் போட்டார். ஒன்றை அழுத்து, நான்கை அழுத்து என்று அலைக்கழித்துவிட்டு ஒரு பெண் பேசினாள்.

"அந்தப் பாட்டைப் பூட்டில்லாம விக்க பாடகி சம்மதம் வேணும் சார். அவங்களுக்கு மூணு மெயில் அனுப்பிட்டோம், பதிலே இல்ல."

"அப்ப பழையபடி பூட்டோடயே குடுங்க. காசு தாரேன்."

"அந்த விற்பனையை நிறுத்தியாச்சு சார்."

"நான் அவ புருசன்ம்மா. நான் சம்மதிக்கிறேன், போதாதா?"

"யார் வேணாலும் அப்படிச் சொல்லலாமே சார். கோவிச்சுக்காதீங்க. அவங்ககிட்ட போனைக் குடுங்க. சம்மதம்னு ஒரு வார்த்தை அவங்க குரல்ல பதிவாயிட்டா, அஞ்சு நிமிஷத்துல பாட்டு வந்துரும்."

செத்துப்போய்விட்டாள் என்று இந்த மூன்று வருஷத்தில் நாச்சியப்பன் யாரிடமும் வாய்விட்டுச் சொன்னதில்லை. இப்போதும் வரவில்லை. மருதாணிக் கையோடு தீக்ஷா நிலைப்படியில் வந்து நின்றாள்.

"ஆத்தா பாட்டு கிடைச்சிருச்சா அப்பச்சி?"

அவர் மகளைப் பார்த்துக்கொண்டே போனில் சொன்னார்: "அந்தக் குரலைத்தானம்மா நான் உங்ககிட்ட கேட்டுக்கிட்டு இருக்கேன்."

"மன்னிச்சுக்கங்க சார், மேல கேட்டுப் பாக்குறேன். லைன்லயே இருங்க" என்றாள் அந்தப் பெண். காத்திருப்பவர்களுக்கென்று ஒரு பாட்டை ஓட விட்டார்கள். வேறு யாரோ பாடினார்கள்.