ஆர்லனின் ஹீட்டர் கோளாறு

நவம்பரில் ஆர்லன் என்னைப் பாய்ஸியில் மகள் வீட்டில் விட்டுவிட்டு, சக்கரத்தில் ஓடுகிற எங்கள் டிரெய்லர் வீட்டை வண்டியில் கோத்துக்கொண்டு தனியாகக் கிளம்பினான். பெரிய சண்டை ஒன்றும் இல்லை. எனக்கு முழங்கால் ஆபரேஷன் முடிந்து மூன்று வாரம் ஆகியிருந்தது. "பாய்ஸி குளிர் எனக்கு ஒத்துக்காது மேவ்" என்றான். "அப்ப போயேன்" என்றேன். போகாதே என்றுதான் அதற்கு அர்த்தம். நாற்பத்துநாலு வருஷம் கூட வாழ்ந்தவனுக்கு அது புரிந்திருக்க வேண்டும்.

பதினோரு குளிர்காலம் நாங்கள் சேர்ந்தேதான் போயிருக்கிறோம், அரிசோனாவுக்கு, யூமா ஊருக்கு வெளியே பாலைவனத்தில். அவன் ஓய்வு பெற்ற தபால்காரன். வண்டியை நன்றாக ஓட்டுவான், அக்கம்பக்கத்து டிரெய்லர்காரர்களோடு நன்றாகப் பேசுவான், அவ்வளவுதான். கேஸ், பம்பு, பேட்டரி, ஹீட்டர் எல்லாம் என் பொறுப்பு. நான் இருபத்தாறு வருஷம் ஒரு பள்ளிக்கூடத்தில் பாய்லரும் குழாயும் பார்த்தவள். அவனுக்கு ஸ்பேனர் எந்தப் பெட்டியில் இருக்கிறதென்றுகூடத் தெரியாது.

ஏழு வாரம் அவனிடமிருந்து குறுஞ்செய்திதான் வந்தது. இன்று வெயில். இன்று காற்று. நானும் இங்கே பனி என்று பதில் போடுவேன். இரண்டு பேருக்கும் வீம்பு.

ஜனவரியில் ஒரு நாள் காலை பத்து மணிக்குப் போன் அடித்தது.

"மேவ், வெந்நீர் வரல."

எப்படி இருக்கே என்றுகூடக் கேட்கவில்லை. ஆனால் அந்தக் குரலைக் கேட்டதும் நான் உட்கார்ந்துவிட்டேன்.

"சுவிட்சுக்குப் பக்கத்துல சிவப்பு விளக்கு எரியுதா?"

"எரியுது."

"அப்படின்னா மூணு தடவை பத்தவெச்சுப் பாத்துட்டு அதுவே நின்னுடுச்சு. சுவிட்ச அணை. அடுப்பைப் பத்தவை. கேஸ் குழாயில காத்து இருந்தா வெளிய போகட்டும். நீல நெருப்பு சீரா எரியுதா? சரி, இப்ப ஹீட்டர் சுவிட்சப் போடு."

அவன் போனைத் தூக்கிக்கொண்டு வெளியே போனான். டிக் டிக் டிக் என்று பொறி அடிக்கிற சத்தம் எனக்குக் கேட்டது. அதன் பின்னால் பாலைவனத்துக் காற்றும் கேட்டது. ஹீட்டர் பற்றவில்லை.

"நாளைக்குப் பாக்கலாம்" என்றேன். அப்போதே சொல்லியிருக்கலாம். ஏனோ நாளைக்கு என்று வாயில் வந்துவிட்டது.

மறுநாள் ஒன்பதே முக்காலுக்கே போனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டேன். பத்துக்கு அடித்தது. பக்கவாட்டு மூடியைத் திறந்து, கேஸ் போகிற குழலுக்குள் டார்ச் அடித்துப் பார்க்கச் சொன்னேன்.

"சிலந்திக்கூடு மாதிரி என்னமோ இருக்கு."

"மாதிரி என்ன, சிலந்திக்கூடுதான். கேஸ் வாசனைன்னா அதுக்கு உயிர். பாட்டில் கழுவுற பிரஷ்ஷ விட்டு எடு."

எடுத்தான். சுவிட்சைப் போட்டதும் டிக் டிக், அப்புறம் குபுக்கென்று பற்றி, ஓவென்று இரைந்தது. "எரியுது மேவ்! எரியுது!" என்று அறுபத்தொன்பது வயதுக்காரன் கத்தினான். எனக்கும் சிரிப்பு வந்தது. போனை வைத்த பிறகு வீடு வெறிச்சென்று ஆகிவிட்டது. இனி எதற்குக் கூப்பிடப் போகிறான் என்று நினைத்தேன்.

கூப்பிட்டான். "எரியுது, ஆனா தண்ணி வெதுவெதுன்னுதான் வருது."

மூன்றாம் நாள் அது. டிரெய்லருக்கு வெளிப்பக்கம் இருக்கிற ஷவரின் வெந்நீர்க் குழாய், தண்ணீர்க் குழாய் இரண்டையும் யாரோ திறந்தே விட்டிருப்பார்கள், ஷவர் முனையை மட்டும் மூடியிருப்பார்கள். அப்படிச் செய்தால் குளிர்ந்த தண்ணீர் அதன் வழியாக வெந்நீர்க் குழாய்க்குள் கலந்துவிடும். கேட்டவுடனே எனக்குத் தெரிந்துவிட்டது. மூடச் சொன்னேன். "கால் மணி கழிச்சுப் பாரு" என்றேன்.

அன்று மாலை, "இன்னும் சில்லுன்னுதான் இருக்கு" என்று செய்தி வந்தது. எனக்கு ஆச்சரியமாக இருந்தது. சந்தோஷமாகவும் இருந்தது, அதை மறைப்பானேன்.

அதற்கப்புறம் ஒரு வாரம் தினமும் பத்து மணிக்குப் பேசினோம். ஹீட்டரைப் பற்றிப் பத்து நிமிஷம், மற்றதைப் பற்றி ஒரு மணி நேரம். பக்கத்து டிரெய்லர் நெட்டி பீன்ஸ் சூப் கொண்டுவந்து கொடுத்தது, மலைக்குப் பின்னால் விமானப்படை குண்டு போட்டுப் பழகுகிற சத்தம், கழுதைகள் வந்து குப்பையைக் கிளறியது. நான் என் முழங்காலைப் பற்றிச் சொன்னேன். "எத்தனை டிகிரி மடங்குது?" என்று கேட்டான். அதை அவன் கேட்பான் என்று நான் எதிர்பார்க்கவேயில்லை.

மகள் கோரின் கேட்டுக்கொண்டே போவாள். "அம்மா, யாராவது மெக்கானிக்கக் கூப்பிடச் சொல்லேன். பாவம், அப்பா பத்து நாளா பச்சைத் தண்ணியில குளிக்கிறாரு."

"மெக்கானிக்குக்கு என்னடி தெரியும் அந்த ஹீட்டரப் பத்தி?"

பதினோராம் நாள் எனக்குச் சொல்ல ஒன்றும் மிச்சமில்லை. எனக்குத் தெரிந்த கோளாறெல்லாம் சொல்லித் தீர்ந்துபோயிற்று. போன் நின்றுவிடுமே என்ற பயத்தில், தேவையே இல்லாத ஒன்றைச் சொன்னேன்.

"ஹீட்டர் தொட்டிக்கு அடியில ஒரு திருகு மூடி இருக்கும். அதோட ஒரு நீளக் கம்பி வரும், துரு பிடிக்காம இருக்கறதுக்கு. அதக் கழட்டி எப்படி இருக்குன்னு சொல்லு."

"இப்பவேவா?"

"தண்ணி சில்லுன்னுதானே இருக்கு? பம்பை அணைச்சுட்டுக் கழட்டு."

ஸ்பேனர் எந்தப் பெட்டியில் என்று கேட்டான், சொன்னேன். அப்புறம், "சரி" என்றான். ஸ்பேனர் உரசுகிற சத்தம் கேட்டது. பிறகு ஒரு சீறல், ஆர்லனின் அலறல், போன் கல்லில் விழுந்த சத்தம். நான் கத்திக்கொண்டே இருந்தேன். நெட்டியின் குரல் கேட்டது. "மேவிஸ், கை வெந்துபோச்சு. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறேன், வை."

சில்லென்று இருந்த தண்ணீர் எப்படிச் சுடும்? ஃபீனிக்ஸ் வரை விமானத்தில் அதையேதான் யோசித்தேன். அங்கிருந்து யூமாவுக்குப் பஸ். முழங்கால் பூசணிக்காய் மாதிரி வீங்கியிருந்தது. நெட்டி வந்து அழைத்துக்கொண்டு போனாள். வழியில் கேட்டேன்.

"ஹீட்டர் வேலை செய்யலையே?"

நெட்டி என்னை ஒரு மாதிரி பார்த்தாள். "யார் சொன்னா? ஒரு வாரத்துக்கு மேலா காலையில அந்த ஜன்னல்லருந்து ஆவியாப் பறக்குது. குளிச்சுட்டுப் பாட்டு வேற."

ஆர்லன் வலது கையில் முழங்கை வரை கட்டோடு நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். என்னைப் பார்த்ததும் எழுந்தான், திரும்ப உட்கார்ந்தான்.

"காலையிலேயே அணைச்சுட்டேன் மேவ். பத்து மணிக்குள்ள ஆறியிருக்கும்னு நினைச்சேன்."

"முட்டாளே, அந்தத் தொட்டி நாள் பூரா சூட்டப் பிடிச்சு வெச்சிருக்கும்! சுடுதுன்னு ஒரு வார்த்தை சொல்லித் தொலைக்கறதுதானே?"

"சொன்னா அப்புறம் நீ எதுக்குப் பேசப் போற?"

திட்ட நிறைய வைத்திருந்தேன். ஆனால் கண் அந்தக் கட்டுக்கே போனது. அவன் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"அந்த மூடியக் கழட்டவே வேண்டியதில்ல, ஆர்லன். அதுக்கும் வெந்நீருக்கும் சம்பந்தமே இல்ல. பேச்ச வளர்க்கத்தான் சொன்னேன்."

அவன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். கோபப்படுவான் என்று காத்திருந்தேன். "ரெண்டு கிழமும் சேர்ந்து ஒரு கையக் கொன்னுட்டோம்" என்று சிரித்தான்.  நான் அவனுடைய நல்ல கையைப் பிடித்துக்கொண்டேன்.

ஒன்பது நாள் இருந்தேன். புது மூடி போட்டு, தொட்டியை நிரப்பி, குழாயில் தண்ணீர் தடையில்லாமல் வந்த பிறகுதான் ஹீட்டரைப் பற்றவைத்தேன். அவன் கட்டு நனையக் கூடாதென்று குனியவைத்து நான்தான் தலைக்கு ஊற்றினேன். சின்னத் தொட்டி, திறந்தே விட்டுக் குளித்தால் அடுத்தவருக்கு வெந்நீர் இருக்காது. வெளியே நாற்காலி போட்டு மலை சிவப்பதைப் பார்ப்போம். ஆனால் டிரெய்லரின் மூன்று படியை ஏறி இறங்க எனக்குக் கால் மணி பிடித்தது. பாய்ஸியில் டாக்டர் காத்திருந்தார். அவன் கை ஆறி, டிரெய்லரை இழுத்துக்கொண்டு வண்டி ஓட்ட ஆறு வாரம் ஆகும்.

"கூடவே வந்துடறேன், பஸ்ல" என்றான்.

"டிரெய்லர யார் பாத்துப்பா?"

"நெட்டி பாத்துப்பா."

வந்துவிடு என்றுதான் சொல்ல நினைத்தேன். அவன் கண் ஜன்னலுக்கு வெளியே போய்வந்தது, அந்த வெயிலுக்கு, அந்த மலைக்கு. அங்கே அவன் நடக்கிற நடையே வேறு. பாய்ஸியில் மகள் வீட்டு சோபாவில் அவன் ஒடுங்கி உட்கார்ந்திருப்பதை நான் பார்த்திருக்கிறேன்.

"மார்ச்ல வா" என்றேன். "நான் நிஜமாத்தான் சொல்றேன். இந்தத் தடவை அர்த்தம் வேற இல்ல."

பஸ் கிளம்பும்போது அவன் கட்டுப்போட்ட கையையே தூக்கி ஆட்டினான். ஊர் தாண்டி எலுமிச்சைத் தோட்டங்கள் வரும்வரை நான் பின்னால் திரும்பியே உட்கார்ந்திருந்தேன், அங்கிருந்து ஒன்றும் தெரியாதென்று தெரிந்தும்.

இப்போது பிப்ரவரி பாதி. முழங்கால் நூற்றுப்பத்து டிகிரி மடங்குகிறது. மூன்று படியை இன்னும் எத்தனை நாளில் ஏறுவேன் என்று டாக்டரிடம் கேட்டேன். "அவசரம் என்ன?" என்றார். அவருக்கு என்னவென்று சொல்வது? கோரின் வீட்டுக் குளியலறையில் வெந்நீர் எவ்வளவு திறந்தாலும் தீராது. நான் இன்னமும் நனைத்துவிட்டு மூடுகிறேன், சோப்பு போட்டு முடித்தபிறகு திறக்கிறேன், அடுத்து குளிக்க இன்னொருவர் இருக்கிற மாதிரி.