மூன்றாவது டிரெமலோ

...பல் துலக்கினான், முகம் கழுவினான், ஒரு டம்ளர் டீ போட்டுக் குடித்தான், டம்ளரைக் கழுவிக் கவிழ்த்தான், சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டான், ஜன்னலைச் சாத்தினான், எட்டு மாதமாக இதே வரிசை, ஒன்று முடிந்தால் அடுத்தது, நடுவில் யோசிக்க இடமில்லை, அதற்காகத்தானே வரிசை... இன்றைக்கு மட்டும் கடைசியில் ஒன்று கூடியிருந்தது, கட்டிலுக்கு அடியிலிருந்து கிட்டாரை இழுத்துத் தூசி தட்டித் தோளில் மாட்டிக்கொள்வது. சனிக்கிழமை கச்சேரி. மெதுவான அந்தப் பாட்டுக்கு டிரெமலோ வேண்டும், ஒலியைக் கூட்டிக் குறைத்துக் கூட்டிக் குறைத்து அலையாக்குகிற, காலால் மிதிக்கும் சின்னப் பெட்டி, பழையது பழுது. டிரம்ஸ் வாசிக்கிற மச்சான் நேற்று போனில் கெஞ்சவில்லை, மிரட்டினார். "மாப்பிள்ளை, பெட்டியோட வர்றீங்க, இல்லன்னா வேற ஆளைப் போட்டுடுவேன். என் தங்கச்சி கடைசியா என்ன சொன்னா? கிட்டாரை விட்டுடாதீங்கன்னுதானே?" அவள் அப்படிச் சொல்லவே இல்லை. அவன் மனைவி போன அன்று ஆஸ்பத்திரி வராந்தாவில் கையைப் பிடித்துக்கொண்டு என்ன சொன்னா, என்ன சொன்னா என்று மச்சான் கேட்டபோது வாயில் வந்தது அது, ஒரு அண்ணனுக்கு ஏதாவது கொடுத்தனுப்ப வேண்டியிருந்தது, அவ்வளவுதான். இன்று அவன் தனக்குத்தானே வைத்துக்கொண்ட பேச்சு, ஏதாவது ஒரு பெட்டி காதுக்குள் இறங்கினால் சனிக்கிழமை வாசிப்பது, இல்லையென்றால் கிட்டாரைப் பெட்டி பார்க்கப் போகிற கடையிலேயே விற்றுவிட்டு வெறுங்கையோடு வருவது. எந்தப் பாட்டும் பாட்டாகக் கேட்டு எட்டு மாதம் ஆகிறது, எல்லாம் ஃபிரிட்ஜ் இரைச்சல்.

"வாங்க தம்பி, உயிரோடதான் இருக்கீங்களா?" என்று கேட்டுவிட்டுக் கடைக்கார அக்கா நாக்கைக் கடித்துக்கொண்டாள், இருக்கேன்க்கா என்றான், அவனுக்கு வருத்தமே இல்லை, அதுதானே சிக்கல்... மூன்று பெட்டிகளை எடுத்து வைத்தாள். ஒலியைத் திரட்டிக் கரகரப்பாக்குகிற தன் பழைய டிஸ்டார்ஷன் பெட்டியோடு முதலாவதைச் சேர்த்து வாசித்தான், அலையே இல்லை, கொசு முணுமுணுப்பு. இரண்டாவது, அதே முணுமுணுப்பு. மூன்றாவதில் அலையின் ஆழத்தைக் கூட்டும் குமிழை முழுக்கத் திருகியும் ஒன்றுமில்லை. "மூணுமே சரியில்லன்னா கோளாறு பெட்டியில இல்ல தம்பி" என்றாள் அக்கா, விளையாட்டாகத்தான், அவனுக்கோ அது தீர்ப்பு, ஆக காது போய்விட்டது, விற்றுவிடலாம், எவ்வளவு தருவாள்... வயரைப் பிடுங்கக் குனிந்தான், அப்போதுதான் கண்ணில் பட்டது, டிரெமலோ முன்னால் நிற்கிறது, டிஸ்டார்ஷன் பின்னால் நிற்கிறது! முன்னது பள்ளம் பறிக்கப் பறிக்கப் பின்னது மண் போட்டு நிரப்புகிறது, அப்புறம் எங்கிருந்து வரும் அலை? அட முட்டாளே, காலேஜில் முதல் வருஷத்தில்கூட இப்படி மாட்டியதில்லையே நீ. இடம் மாற்றினான். முதலாவது, கத்தரிக்கோல் மாதிரி வெட்டி வெட்டிப் போட்டது, வேண்டாம். இரண்டாவது உருண்டையாக, அழகாக... ஆனால் மிதித்தவுடன் என்ன அது, மொத்தச் சத்தமும் ஒரு நூல் இறங்குகிறதே. "பிரமை தம்பி, நேத்துகூட நானே போட்டுப் பார்த்தேன்." இறங்குதுக்கா. "இறங்கல." இறங்குதுக்கா! அவள் மீட்டரை எடுத்து வந்து வைத்தாள், மிதித்தான், முள்ளைப் பார்த்தாள், மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடியும் பார்த்தாள். "அடப்பாவி, பாம்புச் செவிய்யா உனக்கு!"

இருக்கிறது, காது இருக்கிறது, போகவே இல்லை... மூன்றாவதை மாட்டினான். ஒலி சரிந்தது, சரிந்துகொண்டே போனது, இனி இல்லை என்கிற விளிம்புவரை போய்விட்டு, தானாக ஏறி வந்தது. வேகத்தை ஒரு மயிரிழை குறைத்தான், இன்னும் ஒரு மயிரிழை, பாட்டின் நடையும் அலையின் நடையும் கால் மாற்றி மாற்றி ஒன்றாயின, இதுதான், இதேதான் என்று வாய்விட்டே கத்தினான், பாட்டை முதலிலிருந்து கடைசிவரை நின்றபடி வாசித்தான், கை ரோமம் எழுந்து நின்றது, அக்கா ஸ்க்ரூடிரைவரால் மேசையில் தாளம் போட்டாள், தெருவில் பஸ் பிரேக் போட்டது அவனுக்கு எந்தச் சுருதி என்றுகூடத் தெரிந்தது.

பெட்டி பையில் கனக்க, நடைபாதையில் நின்று மச்சானைக் கூப்பிட்டான். வாங்கிட்டேன், சனிக்கிழமை வரேன். "பாத்தீங்களா மாப்பிள்ளை, என் தங்கச்சி வாக்கு!" அவ அப்படிச் சொல்லல மச்சான், நானாத்தான் சொன்னேன், எனக்கு வாசிக்கணும் போல இருக்கு, அதான் வரேன். மச்சான் மெதுவாகக் கேட்டார், "அப்போ என்னதான்யா சொன்னா?" இதோ, கேட்கிறது, எட்டு மாதம் கழித்து அவள் குரல் அதே சுருதியில், பாதிச் சிரிப்போடு, அன்று அவனும் சரியென்று கேன்டீனுக்குப் போனான், திரும்புவதற்குள் முடிந்துவிட்டது... தெரிந்துதான் அனுப்பினாளா? இல்லை, நிஜமாகவே தூக்கம் கெட்டதா? தெரியவில்லை, தெரியப்போவதுமில்லை, ஆனால் ஒரு எழுத்து விடாமல் மச்சானிடம் சொன்னான்:

"போய் ஏதாவது சாப்பிட்டு வாங்க, உங்க வயிறு போடுற சத்தத்துல எனக்குத் தூக்கமே வரல."