முதலில் வந்து கடைசியில் போகிறவள்

வேலைக்குச் சேர்ந்து மூன்று மாதமாகியும், காவலாளியைத் தவிர ஒருவரும் நான் நடந்து பார்த்ததில்லை. அதற்கு நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

யோசனை என் வீட்டுக்காரருடையது. "மூணு மாசம் சமாளிச்சுடு. வேலை உறுதியாயிட்டா அப்புறம் யார் என்ன சொல்லப் போறாங்க?" என்றார். அவரையும் குறை சொல்ல முடியாது. இரண்டு வயதில் போலியோ வந்து சூம்பிப்போன என் வலது காலைக் காட்டித்தான் இந்த நாட்டுக்காரர்கள் எங்கள் விசாவை எட்டு மாதம் இழுத்தடித்தார்கள். எக்ஸ்ரே, இன்னொரு எக்ஸ்ரே, டாக்டர் கடிதம். இப்போது இருவருக்கும் நிரந்தர வேலை இருந்தால்தான் தங்கும் அனுமதியைப் புதுப்பிப்பார்களாம். மனுஷனுக்குத் தூக்கமே போய்விட்டது.

ஆகவே, ஏழரைக்கு ஆரம்பிக்கும் தையல் ஆலைக்கு ஆறே முக்காலுக்கே போய்விடுவேன். காவலாளி கொட்டாவியோடு கதவைத் திறப்பார். சூம்பிய காலைத் தாங்க மாட்டிய இரும்புக் காலிப்பர் காலிக் கூடத்தில் டக் டக்கென்று ஊரைக் கூட்டும். நாற்பது மெஷின்களைத் தாண்டிக் கடைசி மெஷினில் உட்கார்ந்து பாவாடையை இழுத்துவிட்டால், மாலையில் எல்லோரும் போன பிறகுதான் எழுந்திருப்பேன். மிதியை இடது காலால்தான் மிதிக்க முடியும் என்பதால் கோணலாகத்தான் உட்காருவேன். எங்கள் ஊரில் எல்லோரும் இப்படித்தான் தைப்பார்கள் என்று சூப்பர்வைசர் அம்மாள் நினைத்துக்கொண்டாள். நானும் ஊர்மேல் பழியைப் போட்டுவிட்டுச் சும்மா இருந்தேன்.

கழிப்பறைதான் எனக்கு எமன். அது கூடத்தின் அந்தக் கோடியில் இருந்தது. அதற்குப் பயந்து பகலில் தண்ணீரே குடிப்பதில்லை. மூன்றாவது மாதம் நீர்க்கடுப்பு வந்தது. வீட்டுக் கழிப்பறைக்குள் நான் அழுதபோது, கதவுக்கு வெளியே நின்று, "இன்னும் இருபத்திரண்டு நாள்தாம்மா" என்றார் அவர். கையிலிருந்த வாளியை அவர் தலையில் கவிழ்க்கலாமா என்றிருந்தது.

கெடு முடிகிற அன்று சூப்பர்வைசர் எல்லா மெஷினையும் நிறுத்தச் சொன்னாள்.

"எல்லாருக்கும் முன்னாடி வர்றா, கடைசியா போறா. இடத்தை விட்டு அசையறதே இல்ல. இவளை மாதிரி ஒருத்தியை நான் பார்த்ததில்ல" என்றாள் அவர்கள் மொழியில். பிறகு என்னைப் பார்த்து, "நாளையிலேர்ந்து உன் மெஷினோட செக்கர் வேலையும் உனக்குத்தான். ஒவ்வொரு மெஷினா போய்த் தையலைப் பார்க்கணும். எழுந்து முன்னாடி வா."

எல்லோரும் கைதட்டினார்கள். எனக்குச் சிரிப்பு வந்தது. அசையாமல் இருந்ததற்கு நடக்கிற வேலை! நன்றாக மாட்டிக்கொண்டேன்.

வேறு வழியில்லை. எழுந்தேன், கால் மடங்காமலிருக்கக் காலிப்பரின் முட்டிக் கொக்கியைப் போட்டேன், நடந்தேன். டக். டக். பத்தாவது மெஷினுக்குள் கைதட்டல் ஓய்ந்துவிட்டது.

சூப்பர்வைசர் தன் அறைக்குப் போய் ஒரு தாளை எடுத்து வந்தாள்.

"உடம்புல ஏதாவது குறை இருக்கா, என்ன வசதி வேணும்னு சேர்ந்த அன்னைக்கே இதுல கேட்டிருந்தோமே?"

கேள்விக்குக் கேள்வி, என் வீட்டுக்காரரின் குண்டு குண்டான கையெழுத்தில், இல்லை, இல்லை, இல்லை. அடியில் படிக்காமல் நான் போட்ட கையெழுத்து.

"அப்போ வேலை?" என்றேன்.

"வேலை உன் தையலுக்கு. ஆனா இதைத் திருத்திக் குடுத்தாத்தான் உறுதிக் கடிதத்துல நான் கையெழுத்துப் போடுவேன்."

வீட்டுக்காரருக்குப் போன் போட்டுக் கேட்கலாமா என்று ஒரு நிமிடம் தோன்றியது. கேட்கவில்லை. இல்லை என்றிருந்ததையெல்லாம் அடித்துவிட்டு, இடது காலுக்கு எட்டுகிற மாதிரி மிதி வேண்டும், கழிப்பறைக்குப் பக்கத்து மெஷின் வேண்டும் என்று தப்பும் தவறுமாக எழுதினேன். செக்கர் வேலை வேண்டாம் என்று எழுத வந்த கை நின்றுவிட்டது. அந்த இடத்தில், மெஷின் மெஷினாகப் போகும்போது நடுநடுவே உட்கார ஒரு நாற்காலி வேண்டும் என்று எழுதினேன்.

மறுபடி மெஷின்கள் ஓடின. பக்கத்து மெஷின்காரியின் பாட்டிலை வாங்கி மடமடவென்று மொத்தத் தண்ணீரையும் குடித்தேன். அரை மணியில் முட்டியது. எழுந்து, கொக்கியைப் போட்டு, கூடத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு நடந்தேன்.

ஒருத்திகூடத் தலை நிமிரவில்லை. அவரவருக்கு அவரவர் தையல். இதற்கா மூன்று மாதம் தாகத்தோடு கிடந்தேன் என்று எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.