மரிவெலெஸ் குன்றில் எரியாத தீ

மணிலா விரிகுடாவின் வாயில் மரிவெலெஸ் குன்று. அதன் உச்சியில் எனக்குக் காவல் வேலை. டச்சுக்காரர்களின் கப்பல் தெரிந்தால், கப்பலுக்கு ஒரு தீ வீதம் மூட்டவேண்டும். நகரத்தில் பீரங்கிகள் தயாராகிவிடும்.

போன ஆண்டு பனிமூட்டத்தில் ஏழு பாய்மரங்களைப் பார்த்துப் பதறி, ஏழு தீ மூட்டிவிட்டேன். ஸ்பானியக் கவர்னர் டான் ஃபத்ரிக்கே கவசத்தை மாட்டிக்கொண்டு கோட்டைச் சுவரில் வந்து நின்றார். வந்தவை பட்டும் பீங்கானும் ஏற்றிய சீனக் கப்பல்கள். ஊரே சிரித்தது, பாதிரிமார் உட்பட. அந்தச் சிரிப்புக்கு என் வலது கையை வெட்டினார்கள்.

"தீ மூட்ட ஒரு கை போதாதாடா? மறுபடி மேல போ. இனிமே கொடியக் கண்ணால பாக்காம மூட்டினே, அதுவும் போயிடும்" என்றார் கவர்னர், தளபதிகள் எல்லோரும் கேட்க.

இந்த ஆண்டு ஈஸ்டருக்கு முந்தைய வாரம், உச்சிவெயிலில் மூன்று கப்பல்கள் வந்தன. சீனர்களுடையது மூங்கில் வரிச்சு வைத்த பாய். இவை துணிப்பாய்கள். டச்சுக்காரர்கள்தான், சந்தேகமே இல்லை. ஆனால் கொடி ஏற்றவில்லை. மிச்சமிருந்த கையைப் பார்த்தேன். சிக்கிமுக்கிக் கல்லைக் கீழே வைத்தேன்.

அப்போதுதான் விரிகுடாவின் உள்ளிருந்து கவர்னரின் படகு வந்தது. முன்னால் சிவப்புத் தொப்பியோடு நின்றவன் அவருடைய ஒரே மகன் டான் இனிகோ. குன்றில் தீ இல்லை. அப்படியானால் வருவது சீன வியாபாரிகள் என்று நினைத்து, நல்ல பட்டுத்துணியை முதலில் பொறுக்கிக்கொள்ளப் புறப்பட்டிருந்தான். தீ மூட்டினால் திரும்பிவிடுவான். உண்மையைச் சொல்லிவிடுகிறேன், அப்போது என்னைத் தடுத்தது பயம் இல்லை. என் வயிறு குளிர்ந்தது.

"போடா ராசா, போ" என்றேன்.

கப்பலிலிருந்து பீரங்கி இரண்டு முறை வெடித்தது. படகு இருந்த இடத்தில் பலகைகள் மிதந்தன. அதற்குப் பிறகுதான் கொடி ஏறியது. நானும் ஒழுங்காக மூன்று தீ மூட்டினேன்.

டச்சுக்காரர்கள் விலகிப்போன மறுநாள் கவர்னரே குன்றேறி வந்தார்.

"ஏன்டா முன்னாடியே மூட்டல?"

"கொடி தெரியல எசமான். உங்க உத்தரவுதானே?"

தளபதிகள் தரையைப் பார்த்தார்கள். கவர்னர் கல்லின்மேல் உட்கார்ந்து வாய்விட்டு அழுதார். நான் ஆசை தீரப் பார்த்தேன்.

பிறகு கரைக்கு இறங்கினேன். பதினாறு பிணங்களை வரிசையாகக் கிடத்தியிருந்தார்கள். எல்லாம் கட்டாய வேலைக்குத் துடுப்புப் போடப் பிடித்துப்போன எங்கள் ஆட்கள். மேலிருந்து நான் அந்தச் சிவப்புத் தொப்பியை மட்டும்தான் பார்த்தேன், பாவி. என் தங்கை அகாபிதா தன் புருஷன் தலையை மடியில் வைத்திருந்தாள்.

"அண்ணே, மேலேருந்து உனக்கு எல்லாம் தெரியுமே. ஒண்ணுமே தெரியலையா?"

கவர்னருக்குச் சொன்னது நாக்கில் தயாராக இருந்தது.

"கொடி தெரியல அகாபிதா."

அவள் நம்பினாள். என் கையை எடுத்து நெற்றியில் வைத்துக்கொண்டாள்.

"இந்தக் கையாவது தப்பிச்சுதே அண்ணே" என்றாள்.