எழுந்து போகாதவர்

டயாலிசிஸ் வார்டில் ஊசி போடும் முன் டெக்னீஷியன் ஒரு நொடி கண்ணை மூடுவான். உதடு அசையும். பிறகு குத்துவான். யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொண்டதில்லை, ஜன்னலோர நாற்காலிக்குப் பேராசிரியர் வரும்வரை.

"கண்ணைத் திறந்துட்டுக் குத்துப்பா," என்றார். "நரம்பு கையில இருக்கு. மேல இல்ல."

பக்கத்து நாற்காலிக்காரர் வயிறு குலுங்கச் சிரித்தார்.

பேராசிரியர் கல்லூரியில் விலங்கியல் நடத்தியவர். கடவுள் இல்லை என்று மேடை மேடையாகப் பேசியவர். இப்போது சிறுநீரகங்கள் போய்விட்டன. நடை போய்விட்டது. மேடையும் போய்விட்டது. "இல்லை" என்ற அந்த ஒரு சொல்தான் மிச்சம். வாரம் மூன்று நாள், ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரம், ரத்தம் கையிலிருந்து இயந்திரத்துக்குப் போய்த் திரும்பி வரும். அவ்வளவு நேரமும் டெக்னீஷியனை வறுத்தெடுத்தார்.

ஒருநாள் அவர் பேச்சு அவனுடைய அப்பாவைத் தொட்டது. அப்பா இறந்து சில வாரங்கள்தான் ஆகியிருந்தன. அவன் இரவும் பகலும் வேண்டிக்கொண்டது வார்டு முழுக்கத் தெரியும்.

"அவ்ளோ வேண்டினியே, மனு போய்ச் சேரலையா? இல்ல, படிச்சுட்டுக் கிழிச்சுட்டாரா?"

டெக்னீஷியன் கையிலிருந்த தட்டைச் சுவரில் எறிந்தான். ஏற்கெனவே வார்டில் அவனுக்குப் பட்டாசு என்றுதான் பெயர். பேராசிரியர் புகார் கொடுத்தார். தலைமை நர்ஸ் அவனைக் கூப்பிட்டாள்.

"தம்பி, இன்னொரு புகார் வந்துச்சுன்னா என்னால ஒண்ணும் பண்ண முடியாது. மூட்டையைக் கட்ட வேண்டியதுதான்."

அவன் வேண்டிக்கொள்ளும் கூடத்தில் வாரம் ஒரு வகுப்பு நடந்தது. நாத்திகர்களுக்குப் பொறுமையாகப் பதில் சொல்வது எப்படி என்று ஒரு மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர் சொல்லித் தந்தார். ஈ எறும்புக்கும் வலிக்காமல் பேசுகிற மனிதர்.

"ஜெயிக்கணும்னு பேசாதீங்க. அவர் கேள்வியைத் திருப்பிச் சொல்லுங்க. நன்றி சொல்லுங்க. பதிலுக்கு ஒரே ஒரு கேள்வி கேளுங்க. குரல் ஏறிச்சுன்னா நீங்க தோத்தாச்சு."

"நாம சரியாப் பேசறோம்னு எப்படித் தெரியும்?" என்று டெக்னீஷியன் கேட்டான்.

"எதிர்ல இருக்கறவர் எழுந்து போகமாட்டார்."

அடுத்த முறை பேராசிரியர் கேலியாக ஒரு கேள்வி கேட்டதும் அவன் ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டான்.

"நல்ல கேள்வி சார். கேட்டதுக்கு நன்றி. கண்ணு மாதிரி ஒரு பொருள் தானா எப்படி வந்திருக்கும்?"

பேராசிரியரின் முகம் மலர்ந்தது. வெகுநாள் கழித்து ஒரு மாணவன். வெளிச்சம் பட்டால் நெளியும் புழுவிலிருந்து தொடங்கினார். வேகம் பிடித்ததும் பழைய பழக்கத்தில் கை எழுந்தது. குழாய் மடங்கி இயந்திரம் அலறியது. டெக்னீஷியன் அலறலை நிறுத்தி, அவர் கையைப் பிடித்து மெதுவாகத் தலையணையில் வைத்தான்.

"கையை ஆட்டாதீங்க சார். புழுவுல இருந்தீங்க."

அன்று பேராசிரியர்தான் ஜெயித்தார். மறுமுறையும் அவரே. அவன் ஒவ்வொரு தடவையும் ஒத்துக்கொண்டான்.

"நீங்க சொல்றதுல விஷயம் இருக்கு சார். யோசிச்சுட்டு வரேன்."

வந்தான். தோற்கத் தோற்க வந்தான். குரல் ஏறவே இல்லை. நர்ஸுகள் பட்டாசை விட்டுவிட்டு அவனை ஐஸ்கட்டி என்று கூப்பிடத் தொடங்கினார்கள்.

ஒருநாள் வார்டில் குளிர் அதிகமாக இருந்தது. பேராசிரியருக்குக் கால் பிடித்து இழுத்தது. போர்வையை மோவாய்வரை இழுத்துக்கொண்டு, "இன்னிக்கு வேண்டாம்பா, அசதியா இருக்கு," என்றார்.

"சரி சார். ஒண்ணே ஒண்ணு."

தூங்குவதுபோல் நடித்துப் பார்த்தார். ரத்த அழுத்தம் பார்க்க அவன் வந்துதானே ஆக வேண்டும். கைப்பட்டைக்குக் காற்றடித்தபடி குனிந்தான். பக்கத்து நாற்காலி அன்று காலியாக இருந்தது. அந்தச் சிரிப்புக்காரர் இனி வரமாட்டார் என்று காலையிலேயே எல்லோருக்கும் தெரிந்துவிட்டது.

"சார், முழிச்சுட்டுத்தானே இருக்கீங்க? செத்தா அதோட சரி, ஒண்ணும் இல்லைன்னு சொன்னீங்களே. அதை நெனைச்சா நிம்மதியா இருக்கா, பயமா இருக்கா? சும்மா தெரிஞ்சுக்கத்தான்."

பேராசிரியர் காலி நாற்காலியைப் பார்த்தார்.

அடுத்த முறை தலைமை நர்ஸிடம் முறையிட்டார்.

"அவனை மாத்துங்க."

"என்ன பண்றான்? திட்றானா?"

"இல்ல."

"கத்தறானா?"

"இல்ல. பொறுமையாப் பேசறான்."

அவள் சிரிப்பை அடக்கிக்கொண்டாள். "சார், இதை நான் புகார்னு மேல அனுப்பினா என்னைத்தான் செக்கப் பண்ணுவாங்க."

இருந்தாலும் வேறொரு நர்ஸை அனுப்பினாள். வந்தவள் குத்தியபோது நரம்பு வழுக்கியது. மறுபடி குத்தினாள். முழங்கை நாவல்பழ நிறத்தில் வீங்கியது. அவர் கண்ணில் தண்ணீர் வந்தது.

"அவனையே கூப்பிடு," என்றார்.

அவன் வந்தான். கண்ணை மூடினான். திறந்தான். ஒரே குத்தில் ஏற்றினான். வீக்கத்தின் மேல் ஐஸ் பையை வைத்தான்.

"பரவாயில்ல சார், நான் ஒண்ணும் மனசுல வெச்சுக்கல. எங்க விட்டோம்?"

பேராசிரியர், துணைக்கு வந்திருந்த தன் மனைவியின் பக்கம் திரும்பினார். அவளாவது தடுப்பாள் என்று நினைத்தார். கல்யாணமான நாளிலிருந்து சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு கும்பிட்டவள் அவள். அவள் எழுந்து பையை எடுத்துக்கொண்டாள்.

"எங்க வீட்டுல இவரை யாரும் எதுத்து ஒரு வார்த்தை பேசினதில்ல தம்பி," என்றாள். "நீ பேசு. நான் வெளியில உக்காந்துக்கறேன்."

அதன் பிறகு ஒவ்வொரு முறையும் அவள் வெளியிலேயே உட்கார்ந்தாள்.

ஒருநாள் பேராசிரியருக்கு ரத்த அழுத்தம் சரிந்தது. கெண்டைக்கால் கல்லாக இறுகியது. டெக்னீஷியன் இயந்திரத்தின் வேகத்தைக் குறைத்தான், சாய்வைத் தாழ்த்தினான், காலை நீவிவிட்டான். எதிலும் குறை வைக்கவில்லை. நீவியபடியே கேட்டான்.

"வலின்னு ஒண்ணு எதுக்கு சார் இருக்கு? உங்க விலங்கியல் என்ன சொல்லுது?"

பேராசிரியர் கண்ணை இறுக மூடிக்கொண்டார்.

"இருக்கார்."

"யார் சார்?"

"உன் ஆளு. இருக்கார். ஒத்துக்கிட்டேன். என்னைத் தூங்க விடு."

கதவருகே வந்து நின்றிருந்த மனைவி வாயைப் பொத்திக்கொண்டாள். நர்ஸுகள் திரும்பிப் பார்த்தார்கள்.

டெக்னீஷியன் இந்த நிமிடத்தை எத்தனையோ தடவை நினைத்துப் பார்த்திருந்தான். கண் கலங்கும் என்று நினைத்திருந்தான். வகுப்பில் எழுந்து நின்று சொல்லவேண்டும் என்று நினைத்திருந்தான். கண் கலங்கவில்லை. குழாயில் ரத்தம் சுற்றிக்கொண்டிருந்தது. பேராசிரியர் கண்ணை மூடியிருந்தார். அவர் முகத்தில் ஒரு நிம்மதி படரத் தொடங்கியது.

அவன் போர்வையைச் சரிசெய்தான். ஸ்டூலை இன்னும் கிட்டே இழுத்தான்.

"ரொம்ப சந்தோஷம் சார். நன்றி."

பேராசிரியர் தலையை அசைத்தார்.

"ஒரே ஒரு சந்தேகம். எங்கப்பாவுக்காக வேண்டினேன். நீங்க அன்னிக்குக் கேட்டீங்க, மனு போய்ச் சேரலையா, இல்ல படிச்சுட்டுக் கிழிச்சுட்டாரான்னு. அப்ப உங்களுக்கு அவர் இல்ல. இப்ப இருக்கார். சொல்லுங்க சார். எது?"

பேராசிரியர் கண்ணைத் திறந்தார். ஏதோ சொல்ல வந்தவர்போல் கையைத் தூக்கினார். இயந்திரம் அலறியது.

டெக்னீஷியன் அலறலை நிறுத்தினான். கையைப் பிடித்து மெதுவாகத் தலையணையில் வைத்தான்.

"அவசரமில்ல," என்றான். "யோசிச்சுச் சொல்லுங்க."