எட்டு நாள் கரகரப்பு

ரேடியோப் பெட்டி மறுபடியும் கரகரத்தது. மீன்பிடிக்கப் போன என் கணவர் தினமும் மாலை ஆறு மணிக்குப் படகிலிருந்து அதில் பேசுவார். எட்டு நாட்களாக அவருக்குப் பதில் இந்தக் கரகரப்புதான் பேசியது. மாமியார் காதைப் பெட்டியோடு ஒட்டவைத்துக் கேட்டுவிட்டு, "உள்ள ஏதோ முணுமுணுன்னு கேக்குது. உசுரோட இருக்கான், அது மட்டும் தெரியுது" என்றார்.

எனக்கு மானமே போயிற்று. சோதனைக்கூடத்தில் என் வேலையே இதுதான். சுவரெல்லாம் கூம்பு கூம்பாக நுரைப்பஞ்சு ஒட்டிய அறைக்குள் ராடாரையும் கம்பியில்லாக் கருவிகளையும் வைத்து, ரேடியோவைக் கரகரக்க வைக்கும் வேண்டாத அலைகளை எவ்வளவு கக்குகின்றன என்று அளப்பேன். திரையில் கோடு எல்லையைத் தாண்டினால் ஃபெயில். முந்தின நாள்கூட ஒரு ராடாரைத் திருப்பி அனுப்பினேன். கொண்டுவந்தவர் எவ்வளவு கெஞ்சியும் மசியவில்லை. ஊரார் கருவியிடம் அத்தனை கறார்.

ஒன்பதாம் நாள் மேலதிகாரியின் கையைக் காலைப் பிடித்து, கையில் தூக்கக்கூடிய அலை அளவியை வீட்டுக்குக் கொண்டுவந்தேன். ஃபிரிட்ஜ், மின்விசிறி, போன் சார்ஜர் என்று ஒவ்வொன்றாக அணைத்தேன். திரையில் எழும்பி நின்ற முகடு அசையவில்லை. மிச்சமிருந்தது மாமியாரின் நாற்காலியருகே எரிந்த எல்இடி விளக்கு. கண் மங்கிய அவர் பேப்பர் படிக்கட்டுமே என்று போன வாரம் நான் வாங்கிக் கொடுத்தது.

"அது இருக்கட்டும்மா. அது ஒண்ணும் பண்ணாது" என்று சுவிட்சைக் கையால் மறைத்தார்.

அந்த அவசரம்தான் காட்டிக்கொடுத்தது. கையை விலக்கி அணைத்தேன். முகடு அப்படியே படுத்துவிட்டது. நான் வாங்கிய விளக்கு ஃபெயில்.

"உங்களுக்கு முன்னாடியே தெரியுமா அத்தை?"

"செவ்வாக்கெழம மத்தியானம் கரண்டு போச்சுல்ல. பெட்டி பேட்டரில ஓடுதே, யாரோ பேசுனது கணீர்னு கேட்டுச்சு. கரண்டு வந்தப்புறம் இந்த வெளக்க மட்டும் அணைச்சுப் பாத்தேன், அப்பவும் கணீர்னுதான்."

"அப்புறம் ஏன் சொல்லல?"

"மொத மொதலா எனக்குன்னு ஆசையா வாங்கிட்டு வந்த. ஆறு மணிக்கு நீயும் பக்கத்துல உக்காந்திருக்க. எப்படி அணைக்கிறது?"

எனக்குக் கோபமும் அழுகையும் ஒன்றாக முட்டிக்கொண்டு வந்தன. பெற்ற பிள்ளையின் குரலையே எனக்காக விட்டுக்கொடுத்திருக்கிறார்.

ஆறு மணிக்குப் பெட்டி ஒருமுறை செருமியது. பிறகு, பக்கத்து அறையிலிருந்து கூப்பிடுவதுபோல் என் கணவரின் குரல்: "அம்மா, சாப்ட்டியா?"

மாமியார் இருட்டத் தொடங்கிய அறையில் என் கையைத் தடவித் தேடி, பெட்டியின் மைக்கை அதில் வைத்து, தன் விரல்களால் மூடினார்.